தாயார் கையொப்பம்

"இங்க ஒரு கையெழுத்துங்க" என்று படிவத்தைத் திருப்பி வைத்தார் காந்திபுரம் டிராவல்ஸ்காரர் சிக்கந்தர். "பாப்பாவோட அம்மா போடோணும்."

பாலகோபால் அவர் பேனா காட்டிய கட்டத்தைப் பார்த்தான். தீப்பெட்டியில் பாதிகூட இருக்காது.

"நான் போட்டாப் பத்தாதுங்களா?"

"உங்களுக்குப் பக்கத்துலயே தனிக் கட்டம் இருக்குதுங்களே. இது அம்மாவுக்கு. அது போக இன்னொண்ணும் வேணுமுங்க. பாப்பாவ நீங்க மட்டும் கூட்டிட்டுப் போறீங்கன்னா, 'எனக்குச் சம்மதம்'னு அம்மா ஒரு லெட்டர் எழுதி, நோட்டரி வக்கீல்கிட்ட சீல் வாங்கிக் குடுக்கோணும். இல்லீன்னா கப்பல்ல ஏத்த மாட்டானுங்க."

"நான் பெத்த அப்பன்தானுங்களே?"

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். கப்பல்காரனுக்கு எப்படிங்க தெரியும்? பொண்டாட்டியோட சண்டை போட்டுட்டுப் புள்ளையத் தூக்கிட்டு வந்தவன்னு நெனச்சுக்குவான்."

பாலகோபாலுக்குக் காது சூடாகிவிட்டது. கப்பல்காரன் இன்னும் அவனைப் பார்க்கவே இல்லை, அதற்குள் பாதி கண்டுபிடித்துவிட்டான்.

பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவைக் கவனித்துக்கொள்பவன் பாலகோபால். அந்த வருடம், தொண்ணூற்றாறில், கம்பெனியின் மோட்டார்கள் எதிர்பார்த்ததற்கு மேல் விற்றன. முதலாளி மகிழ்ந்துபோய், எட்டு ஊழியர்களைக் குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு அனுப்புவதாகச் சொன்னார். அதில் மூன்று நாள் கப்பலில். பாலகோபாலின் மகள் ஹர்ஷிணிக்கு ஒன்பது வயது. "கடலுக்குள்ள கப்பலு, கப்பலுக்குள்ள நீச்சல் குளமாம்" என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்து, அடுத்த தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மனைவி வசுந்தரா அவனை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. அது தெருவுக்குத் தெரியாது, ஆபீசுக்கும் தெரியாது. பாலகோபால் வெட்கத்தோடு பிறந்தவன். ஓட்டலில் இட்லி கேட்டு ஊத்தப்பம் வந்தால், ஊத்தப்பத்தைத் தின்றுவிட்டு வருவான். பஸ்ஸில் நிறுத்தம் தாண்டிவிட்டால், அங்கேதான் இறங்க வேண்டியிருந்தது போல இறங்கி, திரும்பி நடப்பான். வசுந்தரா ஒரு நர்சரிப் பள்ளியில் வேலைக்குப் போகிறேன் என்றபோது, "எனக்குச் சம்பளம் பத்தலைன்னு நாலு பேர் நெனைக்க மாட்டாங்களா?" என்று கேட்டவனும் அவன்தான். அதையும் அவளுடைய அக்காமார் நான்கு பேர் முன்னால் கேட்டான். அவர்கள் நான்கு பேரும் அப்படித்தான் நினைத்தார்கள். அடுத்த மாதமே ஆனைமலையில் ஒரு பள்ளியில் வேலை தேடிக்கொண்டு அவள் போய்விட்டாள். பிள்ளையின் படிப்பு கெடக் கூடாதென்று ஹர்ஷிணியை மட்டும் அவனிடம் விட்டுவைத்தாள்.

கேட்டவர்களிடம் எல்லாம், "ஆனைமலையில அவங்க சித்திக்கு முடியலீங்க, கூட இருந்து பாத்துக்கறா" என்று சொல்லிவைத்தான். ஆனைமலையில் வசுந்தராவுக்குச் சித்தியே கிடையாது. இரண்டு வருடத்தில் அந்தச் சித்திக்கு மூட்டுவலி, மஞ்சள் காமாலை, இடுப்பு எலும்பு முறிவு எல்லாம் வந்துவிட்டன. ஆபீசில் ஒருவர் சித்திக்கென்று ஒரு தைலப் புட்டிகூடக் கொடுத்தனுப்பினார். அது இன்னும் அலமாரியில் இருக்கிறது.

"என்னங்க யோசனை? இப்பவே கொண்டுபோயி அம்மாகிட்ட வாங்கிட்டு வந்துருங்க" என்றார் சிக்கந்தர்.

"அவங்க இப்ப இல்லீங்க."

ஊரில் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தான். 'ஊரில்' என்ற சொல் மட்டும் தொண்டையில் நின்றுவிட்டது.

சிக்கந்தரின் முகம் மாறியது. பேனாவை மூடினார். "எப்பங்க?"

"ரெண்டு வருஷமாச்சுங்க."

"உடம்புக்கு ஏதாவது..."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் இருந்தா. திடீர்னு ஒரு நாள் காத்தால..."

சிக்கந்தர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவன் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். "சின்ன வயசுங்களே! அந்தப் பச்சப் புள்ளைய வெச்சுட்டு எப்படிங்க தாங்குனீங்க?"

அப்போதுதான் பாலகோபாலுக்கு விளங்கியது. திருத்துவதற்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியம் 'அவ சாகலீங்க, என்னைய உட்டுட்டுப் போயிட்டா' என்பது. அவன் வாயைத் திறந்தான். சிக்கந்தர் அந்த வாய்க்கு டீ வரவழைத்தார்.

டீயைக் குடித்து முடித்த பிறகு மறுப்பது மரியாதையாக இருக்காது என்று பாலகோபாலுக்குப் பட்டது.

"அப்ப வேலை சுலபமுங்க. சம்மத லெட்டரே வேண்டாம். டெத் சர்ட்டிபிகேட் காப்பி ஒண்ணு குடுத்துருங்க" என்றார் சிக்கந்தர்.

*

ஒரு வாரம் அவன் காந்திபுரம் பக்கமே போகவில்லை. சிக்கந்தர் ஆபீசுக்கே போன் செய்தார். "சர்ட்டிபிகேட் கெடச்சுதுங்களா?"

பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். பாலகோபால் குரலைத் தாழ்த்தி, "எங்கியோ வெச்சுட்டேனுங்க. தொலஞ்சுபோச்சாட்டம் இருக்குதுங்க" என்றான். தொலைந்துபோனது என்றால் விட்டுவிடுவார் என்று நினைத்தான்.

"அதுக்கெதுக்குங்க கவலை! எந்த ஊர்ல தவறுனாங்கன்னு சொல்லுங்க, அங்கயே போயி புதுசா ஒரு காப்பி வாங்கிப்போடலாம். நானே ஆள் அனுப்பறேன்."

"ஆனைமலைங்க. நீங்க ஆளெல்லாம் அனுப்ப வேண்டாமுங்க. நானே நாளைக்கி லீவு போட்டுட்டுப் போயி வாங்கிட்டு வாரேன்."

லீவு போட்டான். ஆனைமலைக்குப் போகவில்லை. உயிரோடு இருப்பவளுக்கு அங்கே போய் எதை வாங்குவது? ஹர்ஷிணியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, லுங்கியோடு உட்கார்ந்து, ஒரு கிண்ணம் முறுக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டிவியில் கிரிக்கெட் பார்த்தான்.

அதே நேரத்தில் சிக்கந்தர், நல்ல மனதோடு, இன்னொரு உதவி செய்தார். கம்பெனி லெட்டர் ஒன்றும் கூட இருந்தால் காரியம் சீக்கிரம் முடியும் என்று மறுபடியும் ஆபீசுக்குப் போன் செய்தார். எடுத்தவர் மேனேஜர் திருமலைசாமி.

"பாலகோபால் சாரோட சம்சாரம் ஆனைமலையில தவறிட்டாங்களுங்களே, அது விஷயமா ஒரு லெட்டர்..."

திருமலைசாமிக்கு லெட்டர் வரை காது கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் நிறையக் கேட்டது. பாலகோபால் வாயில் முறுக்கோடு எட்டிப்பார்த்தான். வெளியே ஆபீஸ் வேன் நின்றது. வாசலில் பதினான்கு பேர். முன்னால் திருமலைசாமி, கையில் ரோஜா மாலை.

"ஏம்ப்பா கோபாலு, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலியா?" என்று கேட்கும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது.

முறுக்கு மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து மூன்று பேர் அழுதார்கள்.

"பாடிய எங்கப்பா வெச்சிருக்கீங்க?"

"அங்கயே..." முறுக்கு இறங்கியது. "அங்கயே முடிச்சுப்போட்டோமுங்க."

"எப்ப?"

"வியாழக்கிழமைங்க." அன்று சனிக்கிழமை. அவனுக்கு முதலில் வாயில் வந்த கிழமை அது. அந்த வியாழக்கிழமை அவன் ஆபீசில்தான் இருந்தான் என்பது அழுகையில் யாருக்கும் நினைவு வரவில்லை.

"அப்ப அந்தச் சித்தி?"

"அவங்க நல்லாயிருக்காங்க."

திருமலைசாமி தலையில் கைவைத்துக்கொண்டார். "சீக்காளி நல்லா இருக்கறா, பாக்கப் போனவ போயிட்டாளே! அந்தப் புள்ள கையால ஒரு நாள் பருப்புருண்டைக் கொழம்பு சாப்பிட்டனப்பா, இன்னும் நாக்குல நிக்குது." சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்தக் குழம்பு பக்கத்து மெஸ்ஸில் வாங்கியது என்பது பாலகோபாலுக்குத் தெரியும். இப்போது சொல்லக்கூடிய உண்மை அது ஒன்றுதான். அதையும் சொல்லவில்லை.

மாலை போட ஒரு படம் வேண்டும் என்றார்கள். வசுந்தராவின் தனிப்படம் எதுவும் வீட்டில் இல்லை. கல்யாணப் படம்தான் இருந்தது. அதைத் துடைத்து நாற்காலியில் வைத்தார்கள். மாலை பெரியது. வசுந்தராவுக்குப் போட்டால் பாலகோபாலுக்கும் சேர்ந்து விழுந்தது. ஒருவர் அதை அவள் பக்கமாக ஒதுக்கிப் பார்த்தார். நிற்கவில்லை. கடைசியில் அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் கண்ணை மூடி நின்றார்கள். மாலைக்குள் இருந்த மாப்பிள்ளை பாலகோபால் சிரித்துக்கொண்டிருந்தான். எதிரே நின்ற பாலகோபாலுக்குத் தரை பிளந்தால் நன்றாயிருக்கும் போலிருந்தது.

போகும்போது திருமலைசாமி அவன் தோளைத் தொட்டார். "கப்பலுக்கு நீ கண்டிப்பா வரோணும். புள்ளைக்கும் மனசு மாறும். வர மாட்டேன்னு மட்டும் சொல்லிப்போடாதே."

அவர்கள் போனதும் மாலையை எடுத்துச் சாக்குப் பைக்குள் திணித்து, இரண்டு தெரு தள்ளி இருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தான். சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்து வந்த ஹர்ஷிணி, வீட்டில் ரோஜா வாசம் ஏன் என்று கேட்டாள். ஊதுபத்தி என்றான்.

*

மறுநாள் ஞாயிறு. வழக்கம் போல, ஹர்ஷிணி அம்மாவிடம் பேசுவதற்காக எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார்கள். அவன் எண்ணைச் சுழற்றி, ரிசீவரை மகளிடம் கொடுத்துவிட்டு, வெளியே வந்து நின்றுகொண்டான். இரண்டு வருடமாக அப்படித்தான். கண்ணாடிக்குள் ஹர்ஷிணி சிரிப்பதும் தலையாட்டுவதும் தெரியும். அவனுக்கென்று எந்தச் சேதியும் வராது. விடுமுறைக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதென்றாலும் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு வரைதான். 'வீட்டுக்கெல்லாம் வர வேண்டாம்' என்பது வசுந்தராவின் கட்டளை. அது அவனுக்கும் சௌகரியமாகவே இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் ஹர்ஷிணி பள்ளியிலிருந்து வந்து, பையைக் கழற்றி வைத்து, பாலைக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அப்பா, இன்னிக்கி பிரேயர்ல அம்மாவுக்காக எல்லாரும் ரெண்டு நிமிஷம் எந்திரிச்சு நின்னாங்க."

பாலகோபால் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தான். ஆபீசில் யாருடைய பிள்ளையோ அதே பள்ளியில் படிக்கிறது. எது என்று யோசிக்கக்கூட மனம் ஓடவில்லை.

"நீ?"

"நானும் நின்னேன்."

"ஒண்ணும் சொல்லலியா கண்ணு?"

"இல்ல. நீ ஏதாச்சும் சொல்லியிருப்பேன்னு நெனச்சேன். நான் இல்லைன்னு சொன்னா உனக்கு அசிங்கமாயிரும்ல?" பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். "மிஸ் எனக்கு ரெண்டு சாக்லேட் குடுத்தாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை பேசறப்ப அம்மாகிட்ட இதச் சொல்லலாமா, வேண்டாமா?"

அவள் கோபமாகக் கேட்டிருந்தால், அழுதிருந்தால், ஏதாவது பதில் சொல்லியிருப்பான். வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள். பாலகோபால் எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழியும் வரை நின்றான். ஒரு சின்னக் கட்டத்துக்குப் பயந்து, பெற்ற மகளைத் தாயின் அஞ்சலியில் நிற்க வைத்துவிட்டான். அவளோ அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற இரண்டு நிமிடம் அசையாமல் நின்றிருக்கிறாள்.

மறுநாள் காலை நேராகச் சிக்கந்தரிடம் போனான். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"ஏனுங்க, நான் ஒரு பொய் சொல்லிப்போட்டேனுங்க. எம்பட சம்சாரம் உசுரோடதான் இருக்கறா. எங்கூட இல்ல, அவ்வளவுதான். வெட்கத்துல சொல்லாம உட்டுட்டேன்."

சிக்கந்தர் டீ டம்ளரை ஒதுக்கி வைத்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்தார். திட்டுவதற்குத் தயாராகிறார் என்று பாலகோபால் தலையைக் குனிந்துகொண்டான்.

"உசுரோட இருக்கறாங்கன்னா நல்ல சேதிதானுங்களே! இதச் சொல்றதுக்கா நின்னுட்டிருக்கீங்க? இந்தாங்க, சம்மத லெட்டர். நானே டைப் அடிச்சு வெச்சிருக்கறதுதான். பேர மட்டும் போட்டுக் கையெழுத்து வாங்குங்க." காகிதத்தை நீட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குன்னு ஈரோட்டுல ஒரு பொண்ணு வேற விசாரிச்சு வெச்சிருந்தேனுங்க. அவங்களுக்கு நான் இனி என்ன சொல்றதுன்னு தெரியலீங்க."

*

சனிக்கிழமை ஹர்ஷிணியைக் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சிக்கு பஸ் ஏறினான். சொல்லாமல்தான் போனான். சொன்னால் வர வேண்டாம் என்பாள். பொள்ளாச்சியில் மாறி, மாசாணியம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தோடு ஆனைமலையில் இறங்கினார்கள். வழி ஹர்ஷிணிக்குத் தெரிந்திருந்தது. ஆனால் தெருமுனையில் அவள் நின்றுவிட்டாள்.

"அப்பா, நீ இங்கயே நில்லு. நான் போயி அம்மாவக் கூட்டிட்டு வாரேன்."

"எதுக்குக் கண்ணு? நான் நேர்ல பேசோணும்."

"வேண்டாம்ப்பா."

அம்மா கோபித்துக்கொள்வாள் என்று பிள்ளை பயப்படுகிறது என நினைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். தென்னந்தோப்பை ஒட்டி ஒரே மாதிரி ஐந்து வீடுகள் வரிசையாக இருந்தன. மூன்றாவதில் வசுந்தரா நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் சிவப்புப் பேனா கீழே விழுந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, இருவரையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"இங்க எதுக்கு வந்தீங்க? பஸ் ஸ்டாண்டுன்னுதானே பேச்சு?"

நெற்றியில் பொட்டு இல்லை. இப்போதுதான் முகம் கழுவியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். பஸ் ஸ்டாண்டில் தலையைக் குனிந்தபடி பிள்ளையைக் கைமாற்றுவதோடு சரி; எதிரில் நின்று நேராக அவள் முகத்தைப் பார்ப்பதே இரண்டு வருடத்துக்குப் பிறகு இப்போதுதான்.

பஸ்ஸில் மனப்பாடம் செய்துவந்ததெல்லாம் மறந்துபோனது. "வசு, நான் உன்னைய... செத்துட்டதாச் சொல்லிப்போட்டேன்" என்றான்.

அவள் தாழ்ப்பாளையும் போட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னான். கட்டம், டீ, முறுக்கு, மாலை, பள்ளிப் பிரேயர், எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவன் தலை இறங்கிக்கொண்டே போய், கடைசியில் அவள் கால் விரல்களிடம் பேசிக்கொண்டிருந்தான்.

அவள் குனிந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். பிறகு வசுந்தரா கேட்டாள். "எப்பச் செத்தேன்?"

"டிராவல்ஸ்காரர்கிட்ட ரெண்டு வருஷம் முன்னால. ஆபீஸ்ல போன வாரம் வியாழக்கிழமை."

"அழுதீங்களா?"

"...மேனேஜர் அழுதாரு."

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று பதறி நிமிர்ந்தான். சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் எதிர்பார்த்து வந்த புயலுக்கு அது ஒத்துவரவில்லை. ஆனால் சிரித்து முடித்ததும் அவள் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. லெட்டரை வாங்கி, படிக்காமலேயே கையெழுத்துப் போட்டாள். படிவத்தின் சின்னக் கட்டத்திலும் போட்டாள்.

"திங்கக்கிழமை லீவு போட்டுட்டு நானே பொள்ளாச்சிக்கு வாரேன். அங்க நோட்டரி சீல் வாங்கிக்கலாம். ஆனைமலையில மட்டும் வேண்டாம்."

இவ்வளவு பெருந்தன்மை அவனைக் கொன்றது. "அன்னிக்கி உங்க அக்காமாரு முன்னால நான் அப்படிச் சொன்னது தப்பு, வசு" என்றான். இரண்டு வருடமாகத் தொண்டையில் இருந்தது. "அடுத்தவங்க என்ன நெனப்பாங்கன்னே பாத்துட்டிருந்துட்டேன். உன்னாட்ட தைரியம் எனக்கில்ல."

வசுந்தராவின் முகம் சிவந்தது. "என்னையப் பெருசாப் பேசாதீங்க. நானும் ஒண்ணும் யோக்கியமில்ல" என்றாள். மேலே ஏதோ சொல்ல வந்து, கதவைப் பார்த்தாள். "சரி, கெளம்புங்க. அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்குது."

"ஒரு வாய் காப்பிகூட..."

"பொள்ளாச்சியில குடிக்கலாம். நானே வாங்கித் தாரேன். இப்பக் கெளம்புங்க."

கதவைத் திறந்தாள். வாசலிலேயே, இரண்டு இளநீரைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சென்னியம்மாள் நின்றிருந்தார். ஆள் குரல் கேட்டு வந்திருப்பார் போல. வசுந்தரா கதவை மறுபடி சாத்தப் பார்த்தாள்.

ஹர்ஷிணி சட்டென்று முன்னால் வந்து பாலகோபாலின் கையைப் பிடித்து இழுத்தாள். "நேரமாச்சு, செருப்பப் போடுங்க மாமா, போலாம்."

பாலகோபால் மகளை விழித்துப் பார்த்தான். அதற்குள் சென்னியம்மாள் இளநீரைக் கீழே வைத்துவிட்டு, அவனைப் பார்த்துக் கைகூப்பினார்.

"நீங்கதானுங்களா அது? அப்பன் செத்த புள்ளையக் கோயமுத்தூர்ல ஊட்டோட வெச்சுப் படிக்க வெக்கறீங்கன்னு டீச்சரம்மா சொல்லாத நாளில்லீங்க; தாய்மாமன்னா இப்படியல்லங்க இருக்கோணும்!"